மாதம் 250 டாலர் வேலை: பாட் சம்மிட் கோச் ஆன விதம்

1974-ல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகம், நாக்ஸ்வில் வளாகத்துப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 22 வயதுப் பெண் ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளராகப் போட்டது. அதுவரை அவர் எந்த அணிக்கும் ஒரு நாள்கூடப் பயிற்சி நடத்தியதில்லை. கல்லூரிப் படிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. ஆட்டத்தில் அடிபட்ட முழங்கால் இன்னும் தேறிக்கொண்டிருந்தது. 38 சீசன்கள் கழித்து அந்தப் பொறுப்பிலிருந்து அவர் விலகியபோது கணக்கில் 1,098 வெற்றிகள், 208 தோல்விகள், 8 தேசியப் பட்டங்கள்.

பாட் சம்மிட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய முறைப்பிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். தப்பு செய்த ஆட்டக்காரரை அவர் பார்க்கும் அந்தப் பார்வை அவ்வளவு பிரபலம். அப்புறம் இரும்பு ஒழுக்கம், பிறவித் தலைமைக் குணம் என்று கதை போகும். அதெல்லாம் சரிதான். ஆனால் பயிற்சியாளராக விரும்பும் கல்லூரி ஆட்டக்காரருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அனுபவமே இல்லாத ஒருவரிடம் அந்த வேலை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது. என் பதில் இது: வேலை அவ்வளவு அற்பமாக இருந்தது. சம்பளமும் மதிப்பும் இல்லாத பதவி என்பதால்தான் அது ஒரு 22 வயதுக்காரர் கைக்கு வந்தது. அப்புறம் பதவி பெரிதானது, அவரும் கூடவே வளர்ந்தார். அந்த வளர்ச்சி எந்த நிலைமைகளில் நடந்தது, அந்த நிலைமைகள் இன்று உண்டா என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

பரணில் ஒரு கூடை

1952 ஜூன் 14-ல் டென்னசி மாநிலம் கிளார்க்ஸ்வில்லில் பிறந்தவர் பட்ரீஷியா சூ ஹெட். புகையிலை போட்டு, பால் மாடு வைத்திருந்த விவசாயக் குடும்பம். மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. வீட்டில் ட்ரிஷ் என்று கூப்பிடுவார்கள். பாட் என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர். சம்மிட், 1980-ல் கல்யாணத்தோடு வந்தது. வைக்கோல் பரணில் ஒரு கூடை மாட்டியிருந்தார்கள். வேலை முடிந்த பிறகு அண்ணன்களும் அவருமாக நான்கு பேரும் இரண்டுக்கு இரண்டாக அங்கே ஆடுவார்கள்.

கிளார்க்ஸ்வில் உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் அணி கிடையாது. அதனால் அப்பா ரிச்சர்ட் ஹெட், பெண்கள் அணி இருக்கிற பள்ளிக்கு மகளை அனுப்புவதற்காகக் குடும்பத்தையே பக்கத்து மாவட்டத்து ஹென்ரியெட்டாவுக்கு மாற்றினார். 1960-களில் ஒரு விவசாயி, மகள் பந்து விளையாட வேண்டும் என்பதற்காக வீடு மாறியிருக்கிறார். பின்னால் வரும் எந்தக் கோப்பையை விடவும் இந்த முடிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தப் பள்ளியில் அவர் ஆடியது இன்று நாம் பார்க்கும் கூடைப்பந்து இல்லை. அன்றைய டென்னசிப் பள்ளிகளில் பெண்கள் ஆறு பேர் அணியாக ஆடினார்கள். கோர்ட்டை நடுக்கோட்டில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மூன்று ஃபார்வர்டு, மறு பாதியில் மூன்று கார்டு. கோட்டைத் தாண்டக் கூடாது. கூடையில் போடும் வேலை ஃபார்வர்டுகளுக்கு மட்டும். கார்டுகள் தடுப்பதோடு சரி. முழுக் கோர்ட்டும் ஓடினால் பெண்களின் உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் எடுத்த முடிவின் மிச்சம் அது. பாட் கல்லூரியில் சேர்ந்தது 1970-ல். கல்லூரிப் பெண்கள் ஆட்டம் ஐந்து பேர், முழுக் கோர்ட் என்று அதிகாரபூர்வமாக மாறியது 1971-ல். ஆக, தான் ஆடிவந்த ஆட்டத்தையே பத்தொன்பது வயதுவாக்கில் மறுபடி புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

பழக்கத்தில் வந்ததை இன்னொருவருக்குச் சொல்லித்தருவது கஷ்டம். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் பயிற்சியாளராகச் சொதப்புவதற்கு இது ஒரு காரணம். யோசித்து யோசித்துக் கற்றதைச் சொல்லித்தருவது அதைவிடச் சுலபம். பாட்டுக்கு முழுக் கோர்ட் ஆட்டம் இரண்டாவது ரகத்தில் வந்தது. அது அவருக்குப் பின்னால் கைகொடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மார்ட்டின் கல்லூரி வருடங்கள்

டென்னசி பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் வளாகத்தில்தான் படித்தார். அண்ணன்கள் விளையாட்டு உதவித்தொகையில் கல்லூரிக்குப் போனவர்கள். இவருக்கு அது இல்லை. பெண்களுக்கு அப்படி ஒரு உதவித்தொகையே அப்போது கிடையாது, அப்பா அம்மாதான் பணம் கட்டினார்கள். அணியை நடத்தியவர் உடற்கல்வி ஆசிரியை நடீன் கியரின். நம் ஊர்ப் பள்ளிகளில் பி.டி. டீச்சரே வாலிபால், கபடி, ஓட்டப் பந்தயம் எல்லாவற்றுக்கும் கோச்சாக இருப்பாரே, ஏறக்குறைய அந்த ஏற்பாடு. சீருடை ஒரே ஒரு செட். டென்னசி டெக் கல்லூரிக்குப் போய் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்கள் ஆடியபோது அதைத் துவைக்காமலேயே போட்டுக்கொண்டு ஆடினார்கள் என்று பின்னாளில் பாட் ஒரு பேட்டியில் நினைவுகூர்ந்தார். அதைக் குறையாக அப்போது யாரும் நினைக்கவில்லையாம்.

அங்கே 1,045 புள்ளிகள் எடுத்து, அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவராக வெளியே வந்தார். நடுவில் 1973-ல் மாஸ்கோவில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கு அமெரிக்க அணியில் போய் வெள்ளி வாங்கினார். சோவியத் அணி இவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. பணமும் முறையான பயிற்சியும் கொடுத்தால் பெண்கள் எந்த அளவுக்கு ஆட முடியும் என்று அங்கே நேரில் பார்த்துவிட்டார்.

1974 ஜனவரியில், கடைசி வருட சீசன் நடுவில், முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. இன்றைக்கு அது ஆபரேஷன், சில மாத ஓய்வு என்று போகும். அன்றைக்கு ஆட்டத்துக்கே முழுக்குப் போடுவது என்று அர்த்தம். டாக்டர் அந்த மாதிரி பேச்சை எடுத்தபோது, என் மகள் ஒலிம்பிக் போகப் போகிறாள், காலைச் சரிசெய்யுங்கள் என்று அப்பா சொன்னதாகக் குடும்பத்துக் கதை. மாண்ட்ரியலில் 1976-ல் பெண்கள் கூடைப்பந்து முதல்முறையாக ஒலிம்பிக்கில் வர இருந்தது. கையில் இரண்டு வருடம் இருந்தது.

உதவியாளர் வேலை, தலைமை வேலை

நாக்ஸ்வில் வளாகத்தின் பெண்கள் உடற்கல்வித் துறைத் தலைவர் ஹெலன் வாட்சன், பாட்டுக்கு ஒரு வேலை தந்தார். முதுகலை படித்துக்கொண்டே வகுப்பும் எடுக்கலாம், பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருக்கலாம். ஒலிம்பிக் கனவில் இருந்தவருக்கு இது வசதி. படிப்பும் நடக்கும், ஜிம்மும் கிடைக்கும். அணியின் பயிற்சியாளர் மார்கரெட் ஹட்சனிடம் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவர் போய்ச் சேருவதற்குள் ஹட்சன் நீண்ட விடுப்பில் போவதென்று முடிவெடுத்துவிட்டார். உதவியாளராக வரவேண்டியவரையே தலைமைப் பயிற்சியாளராகப் போட்டார்கள். தேர்வுக் குழு, நேர்காணல், விளம்பரம் எதுவும் இல்லை.

அதே வளாகத்தில் அதே சீசனில் ஆண்கள் அணி எப்படி இருந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது புரியும். ஆண்கள் பயிற்சியாளர் ரே மியர்ஸ், 1962-லிருந்து இருந்தவர். ஏர்னி க்ரன்ஃபெல்டும் புதிதாகச் சேர்ந்த பெர்னார்ட் கிங்கும் ஆடிய அணி அது. இருவரையும் சேர்த்து ‘ஏர்னி அண்ட் பெர்னி ஷோ’ என்று ஊரே கொண்டாடியது. அந்த அணிக்கு 22 வயதுப் பட்டதாரி ஒருவரைப் போடலாமா என்று யாராவது பேச்சுக்குச் சொல்லியிருந்தால்கூடச் சிரித்திருப்பார்கள்.

பெண்கள் அணி விஷயத்தில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் யாரும் கவனிக்கவில்லை. சம்பளம் மாதம் 250 டாலர். முந்தைய வருடம் டோனட் விற்ற பணத்தில் வாங்கிய சீருடைகள். அவற்றைத் துவைப்பதும் பயிற்சியாளர் வேலை. வெளியூர் ஆட்டத்துக்கு வேனை ஓட்டுவதும் அவர்தான். ஒருமுறை எதிரணியின் ஜிம்மிலேயே பாய் விரித்து, ஸ்லீப்பிங் பேக்கில் படுத்துவிட்டு மறுநாள் ஆடியிருக்கிறார்கள். பெண்கள் போட்டிகளை அப்போது நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ என்ற தனி அமைப்பு; கல்லூரி விளையாட்டுகளின் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ பெண்கள் கூடைப்பந்துப் பக்கம் வந்ததே 1982-ல்தான். அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் 1972 ஜூனில் கையெழுத்தாகியிருந்தது. சட்டம் வந்துவிட்டது, பணம் வரவில்லை. பாட் உள்ளே நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

முதல் ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஒரு பயிற்சி நாள் வைத்தார். நாள் முழுக்க ஓட்டம்தான். சிலர் ஓடுகிற ஓட்டத்திலேயே கதவைத் தாண்டிப் போய்விட்டார்கள், திரும்பி வரவே இல்லை. மிஞ்சியவர்களில் சிலர் அவரைவிட ஒரே வயதுதான் சின்னவர்கள். இந்தக் கடுமையை அவருடைய குணம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் பயமும் தெரிகிறது. 22 வயதில் 21 வயதுக்காரர்களை அதட்ட வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்ட வேண்டும். சிநேகிதியாகிவிட்டால் கதை முடிந்தது. அந்த நிலையில் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் கண்டிப்பு. ஆரம்ப வருடங்களில் தேவைக்கு மேல் கடுமையாக இருந்ததை அவரும் பின்னால் ஒப்புக்கொண்டார்.

1974 டிசம்பர் 7, முதல் ஆட்டம். ஜார்ஜியாவின் மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 84-83, ஒரே புள்ளியில் தோல்வி. முதல் வெற்றி ஜனவரி 10-ல், மிடில் டென்னசி ஸ்டேட்டுக்கு எதிராக 69-32. சீசன் முடிவில் 16 வெற்றி, 8 தோல்வி. ஆரம்ப காலத் தோல்வி ஒன்றுக்குப் பிறகு அப்பா சொன்ன புத்திமதி பிரபலம்: கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்துக்குக் கழுதையைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. நல்ல ஆட்களைச் சேர் என்பதைப் பண்ணைக்காரர் இப்படித்தான் சொல்வார்.

பகலில் கோச், மிச்ச நேரத்தில் ஆட்டக்காரர்

1974-லிருந்து 1976 வரையான இரண்டு வருடம்தான் இந்தக் கதையின் மையம். பொதுவாக எழுதுகிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் இடமும் இதுவே.

அப்போது அவருக்கு நான்கு வேலைகள். முதுகலைப் படிப்பு, உடற்கல்வி வகுப்பு எடுப்பது, அணிக்குப் பயிற்சி, ஒலிம்பிக்குக்காகத் தன் உடம்பைத் தயார்செய்வது. அமெரிக்க அணியின் பயிற்சியாளர் பில்லி மூர், அணியில் இடம் வேண்டுமானால் எடையைக் குறைத்து வரச் சொல்லிவிட்டார். அன்றாடம் ஒரு ஜிம்மில் விசில் ஊதி மற்றவர்களை ஓடவிட்டவர், மிச்ச நேரத்தில் அந்த முழங்காலோடு தானும் ஓடினார். பயிற்சியாளர் சொல்லும் ஒரு வார்த்தை களைத்துப்போன ஆட்டக்காரர் காதில் எப்படி விழும் என்பது அவருக்கு ஞாபகத்திலிருந்து தேட வேண்டிய விஷயமாக இல்லை. அதே வாரம் அவரே பட்டது.

இன்னொன்றும் நடந்தது. மூரிடம் ஆடிய காலம் முழுக்க அவர் ஒரு பயிற்சியாளரும்கூட. ஆட்டக்காரர்கள் கோச்சின் முடிவுகளை ஏற்பார்கள் அல்லது முணுமுணுப்பார்கள். இவரோ அதே முடிவுகளைத் தன் அணியில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்க்கும் இடத்தில் இருந்தார். பயிற்சியாளர் படிப்பு என்று தனியாக எதுவும் இல்லாத காலத்தில், தேசிய அணியே அவருக்கு வகுப்பறையானது.

மாண்ட்ரியலில் அவர் அணியின் இணைத் தலைவர். 24 வயதில் அணியிலேயே மூத்தவர். லூசியா ஹாரிஸ், ஆன் மேயர்ஸ், பதினெட்டு வயது நான்சி லீபர்மன் எல்லாம் கூட இருந்த அணி. முதல் ஆட்டத்திலேயே ஜப்பானிடம் தோற்றார்கள். ஏழடி உயர உல்யானா செம்யோனோவா ஆடிய சோவியத் அணியிடம் 112-77. ஆனாலும் கடைசி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவை வென்று வெள்ளி கிடைத்தது. டாக்டர் வேண்டாம் என்ற முழங்காலோடு.

பதக்கத்தை விட அந்த அணியில் கிடைத்த பழக்கம்தான் டென்னசிக்கு அதிகம் உதவியது. மாண்ட்ரியலில் கூட ஆடிய ட்ரிஷ் ராபர்ட்ஸ், கான்சஸின் எம்போரியா ஸ்டேட் கல்லூரியிலிருந்து மாறி அடுத்த சீசனே டென்னசிக்கு வந்தார். அந்த ஒரே சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 30 புள்ளிகளை ஒட்டி எடுத்தார். அதற்கடுத்த வருடம் இன்னொரு ஒலிம்பிக் தோழி சிண்டி ப்ராக்டன் வந்தார். அவர் விட்டு வந்த கல்லூரி மெர்சர், பாட்டை முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்கடித்த அதே மெர்சர். டென்னசி 1977-லேயே தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளுக்குள் போய்விட்டது. ஆட்டக்காரராகவே இருந்துகொண்டு கோச்சாக இருந்ததன் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும். கூட ஆடியவரை நம்பி அவர் அணிக்கே ஆட வருகிறார்கள் என்றால், அதற்கு மேல் ஒரு சிபாரிசு வேண்டியதில்லை.

ஆறு பேர் ஆட்டத்தை எதிர்த்து

இதே காலத்தில் ஓக் ரிட்ஜைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவி, ஆறு பேர் விதியை எதிர்த்து டென்னசி பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். கார்டாக ஆடும் பெண் வாழ்க்கையில் ஒரு பந்தும் கூடையில் போடாமல் பள்ளி முடித்தால், எந்தக் கல்லூரி அவளுக்கு உதவித்தொகை தரும் என்பது வாதம். பாட் அந்த வழக்கில் சாட்சி சொன்னார். பாதிக் கோர்ட்டில் ஆடிப் பழகியவர்களைக் கல்லூரி ஆட்டத்துக்குத் தேறவைப்பது எவ்வளவு சிரமம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவரே அப்படி வந்தவர்தானே. 1976-ல் மாவட்ட நீதிமன்றம் மாணவி பக்கம் தீர்ப்புச் சொன்னது, மறு வருடம் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. ஆனாலும் 1979-ல் சங்கமே ஐந்து பேர் ஆட்டத்துக்கு மாறிவிட்டது.

பயிற்சியாளர் என்றால் பயிற்சி கொடுப்பவர் என்ற வரையறை இங்கே போதவில்லை. தனக்கு ஆட்கள் வர வேண்டிய குழாயே அடைத்திருந்தால் அதைத் திறக்கவும் போக வேண்டியிருந்தது. இருபதுகளின் நடுவில் இருந்த, வேலையில் இன்னும் வேர் பிடிக்காத ஒருவர் சொந்த மாநிலத்துப் பள்ளிச் சங்கத்துக்கு எதிராகக் கூண்டேறியது சாதாரணமில்லை.

பட்டமில்லாத பதிமூன்று வருடம்

முதல் தேசியப் பட்டம் 1987-ல்தான் வந்தது. அதற்கு முன் ஏழு தடவை கடைசி நான்குக்குள் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1980, 1981, 1984 மூன்றிலும் இறுதி ஆட்டத்தில் தோல்வி. நன்றாக ஆடவைப்பார், பெரிய ஆட்டத்தை மட்டும் ஜெயிக்கமாட்டார் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. இடையில் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளராகத் தங்கம் வாங்கினார். சோவியத் புறக்கணித்த ஒலிம்பிக் அது என்பதால் அந்தத் தங்கத்தாலும் பேச்சு அடங்கவில்லை. 1987-ல் டெக்சஸின் ஆஸ்டினில், 1981-லும் 1982-லும் தங்களைத் தோற்கடித்த லூசியானா டெக்கை 67-44 என்று அடித்ததும்தான் அடங்கியது.

இன்றைக்குப் பெரிய கல்லூரி ஒன்றில் ஒரு பயிற்சியாளருக்குப் பட்டமில்லாமல் பதிமூன்று வருடம் கொடுப்பார்களா? கொடுத்ததற்கு ஒரு காரணம், டென்னசியில் பெண்கள் விளையாட்டுக்கு ஆண்கள் துறையோடு சேராத தனித் துறை இருந்தது. முதலில் க்ளோரியா ரே, 1983-லிருந்து ஜோன் க்ரோனன் என்று பெண்களே அதன் தலைவர்கள். கால்பந்து வருமானத்தோடு ஒப்பிட்டு மட்டம் தட்ட ஆள் இல்லை. 2012 வாக்கில்தான் இரண்டு துறைகளையும் ஒன்றாக்கினார்கள். ஒருவரின் வெற்றியை அலசும்போது பொறுத்துக்கொண்ட நிறுவனத்தை யாரும் எழுதுவதில்லை; எழுத வேண்டும்.

அதற்குப் பிறகான பட்டங்களை நான் விரிக்கப் போவதில்லை: 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008. 1997-98-ல் சமீக்வா ஹோல்ட்ஸ்க்லா இருந்த அணி 39 ஆட்டமும் ஜெயித்தது. எனக்குச் சுவாரசியமானது அதற்கு முந்தைய சீசன். பத்து ஆட்டம் தோற்ற அணியை வைத்துக்கொண்டு பட்டம் வாங்கினார். முதல் வருடத்தில் ஆட்களை ஓடவிட்டு விரட்டிய அந்தப் பெண்ணால் இதைச் செய்திருக்க முடியாது. தொண்ணூறுகளில் அவர் கொஞ்சம் தளர்ந்திருந்தார், கேட்கப் பழகியிருந்தார்.

சில விஷயங்களில் மட்டும் கடைசிவரை தளரவில்லை. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும். வகுப்பைக் கட் அடித்தால் ஆட்டம் கிடையாது. டென்னசியில் முழுக் காலமும் ஆடி முடித்த அவருடைய ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார்கள்.

பிடிவாதத்துக்கு ஒரு சம்பவம். 1990 செப்டம்பரில், நிறைமாதக் கர்ப்பிணியாக, மிஷேல் மார்சினியாக் என்ற பள்ளி ஆட்டக்காரரை அணிக்கு அழைக்கப் பென்சில்வேனியாவில் அவர் வீட்டுக்கே போனார். அங்கே பனிக்குடம் உடைந்துவிட்டது. திரும்பும் விமானத்தை அவசரத்துக்கு வர்ஜீனியாவில் இறக்கலாம் என்று பேச்சு வந்தபோது முடியாது என்றுவிட்டார். அந்த வருடம்தான் வர்ஜீனியா அணி டென்னசியைத் தேசியப் போட்டியிலிருந்து வெளியேற்றியிருந்தது. மகன் டைலர் நாக்ஸ்வில்லில்தான் பிறந்தான். மார்சினியாக் முதலில் வேறு கல்லூரிக்குப் போய், பிறகு டென்னசிக்கே வந்து 1996 பட்டத்தில் பங்கெடுத்தார்.

டென்னசி ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வரச் சொல்லி 1994-லும் 2001-லும் அவரிடம் கேட்டார்கள். இரண்டு தடவையும் மறுத்தார். அதை ஏன் பதவி உயர்வு என்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. 2006-ல் பெண்கள் கூடைப்பந்தில் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் பயிற்சியாளர் ஆனார். 2011 ஆகஸ்டில் தனக்கு அல்சைமர் வகை மறதி நோய் தொடங்கியிருப்பதை வெளியே சொல்லிவிட்டு, இன்னும் ஒரு சீசன் அணியை நடத்தினார். 2016 ஜூன் 28-ல், 64 வயதில் காலமானார்.

பதவி பெரிதான பிறகு

250 டாலர் வேலை பத்து லட்சம் டாலர் வேலையானதும் அதைத் தேடி வருகிறவர்களும் மாறினார்கள். 1972-ல் அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பயிற்சியாளர்கள் பெண்கள். 2014-ல் அது 43-ஐ ஒட்டி வந்துவிட்டது. சட்டம் ஆட்டக்காரிகளுக்குக் கதவைத் திறந்தது. அதே சட்டம் கொண்டுவந்த பணத்தால், அந்தப் பதவி ஆண்களுக்கும் வேண்டிய பதவியாகிவிட்டது. பாட் இந்த மாற்றத்துக்கு முன்பே உள்ளே இருந்தார். பின்னால் வந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அவருடைய ஆட்டக்காரர்களையே எடுத்துக்கொள்வோம். ஹாலி வார்லிக் டென்னசியில் ஆடியவர். வேறு இரண்டு கல்லூரிகளில் உதவியாளராக இருந்து, 1985-ல் பாட்டிடம் உதவியாளராகத் திரும்பினார். தலைமைப் பதவி 2012-ல் கிடைத்தது. பாட் ஒரே நாளில் தாண்டியதை இவர் தாண்ட இருபத்தேழு வருடம். 1996, 1997, 1998 மூன்று பட்டங்களையும் வென்ற அணியில் ஆடிய கெல்லி ஹார்ப்பர் முதலில் ஆபர்ன், சட்டனூகா கல்லூரிகளில் உதவியாளர். அப்புறம் 2004-ல் வெஸ்டர்ன் கரோலினாவில் தலைமைப் பதவி, அடுத்து நார்த் கரோலினா ஸ்டேட், மிசூரி ஸ்டேட். 2019-ல்தான் சொந்தக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வர முடிந்தது. 2024-ல் அவரை நீக்கினார்கள். ஐந்து வருடம்.

அவருக்கு அடுத்து டென்னசி தேர்ந்தெடுத்த கிம் கால்டுவெல், பாட்டிடம் ஆடியவரில்லை, டென்னசியில் படித்தவரும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் க்ளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் ஆடியவர். உதவித்தொகையும் கூட்டமும் கம்மியான இரண்டாம் பிரிவுக் கல்லூரி. சில வருடம் வேறு இடங்களில் உதவியாளராக இருந்துவிட்டு, 2016-ல் முப்பதைத் தொடாத வயதில் அங்கேயே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அங்கே தனக்குப் பிடித்தபடி ஓயாமல் நெருக்கித் தடுக்கும் ஆட்டம் ஒன்றை உருவாக்கினார். நிமிடத்துக்கொரு தடவை ஐந்து பேரையும் மாற்றிவிடுவார். 2022-ல் இரண்டாம் பிரிவுப் பட்டம் வாங்கினார். நடுவில் மார்ஷல் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு சீசன், அதற்கடுத்து டென்னசி. 2025 ஜனவரியில் அவருக்குக் குழந்தை பிறந்தது. ஒரு வாரத்தில் கோர்ட் ஓரத்தில் நின்றார். யாரும் கவனிக்காத தலைமைப் பதவியில் இளம் வயதிலேயே உட்கார்ந்து, தப்பும் சரியும் தானே செய்து பழகும் வாய்ப்பு அமெரிக்காவில் இன்னும் எங்காவது இருக்கிறது என்றால் அது இந்த மாதிரிக் கல்லூரிகளில்தான். அவற்றில் பலவற்றில் இன்றும் பயிற்சியாளர்தான் வேனை ஓட்டுகிறார்.